பலகை கருகுகிறதா? மோட்டாரை விடுங்கள், பிளேடைப் பாருங்கள்!

மாணவர்களே, மின்ரம்பத்தில் பலகை அறுக்கும் இடத்தில் எப்போதாவது நின்றிருக்கிறீர்களா? ஜாசின், அலோர் காஜா, டுரியான் துங்கால் பக்கம் சில வீடுகளின் பின்புறக் கொட்டகையில் இன்றும் ஒரு சின்னத் தச்சுப் பட்டறை இருக்கும். அப்பாவோ மாமாவோ தாத்தாவோ விடுமுறை நாளில் கோழிக்கூண்டு, சாமி மேடை, புத்தக அலமாரி என்று எதையாவது செய்துகொண்டிருப்பார். ஒரு நாள் ரம்பத்தின் சத்தம் மாறும். பலகையின் வெட்டுப் பகுதியில் பழுப்புக் கோடு விழும். கருகல் வாடை வரும். "மோட்டார் போய்விட்டது போல" என்பார் ஒருவர். "மரம் ஈரம்" என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டும் காரணமாக இருப்பதில்லை. பிளேடு மழுங்கியிருக்கும்.

மழுங்கிய பிளேடு என்றால் "கொஞ்சம் மெதுவாக அறுக்கும் பிளேடு" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. கூரான பிளேடு மரத்தை வெட்டுகிறது, மழுங்கியது தேய்க்கிறது. தேய்க்கும் பிளேடுக்குப் பலகையை நாம்தான் தள்ளிக் கொடுக்க வேண்டும். தள்ளும் கைக்கும் சுழலும் பல்லுக்கும் நடுவே சில அங்குலங்களே இருக்கும். ஆகவே, கூர்மை என்பது அழகான வேலைக்கு மட்டும் உரியதல்ல. விரல்களின் பாதுகாப்புக்கும் அதுதான் அடிப்படை.

கூர்மை என்றால் என்ன?

அறிவியல் பாடத்தில் நீங்கள் படித்த அழுத்தம்தான் கூர்மை. விசையைப் பரப்பளவால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும். ஒரு கத்தியின் முனை 20 மி.மீ. நீளத்துக்கு மரத்தில் பதிகிறது என்று வையுங்கள். முனையின் அகலம் 0.01 மி.மீ. உங்கள் கை 50 நியூட்டன் விசை தருகிறது. அதாவது ஏறத்தாழ 5 கிலோ பாரம். பரப்பளவு 0.2 சதுர மி.மீ. எனவே அழுத்தம் 250 மெகாபாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் இது சுமார் 2,500 மடங்கு. மர இழைகள் இதற்கு முன் நிற்க முடியாது, அறுந்துவிடும்.

அதே முனை தேய்ந்து 0.1 மி.மீ. அகலமாகிவிட்டால்? கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. 0.1 மி.மீ. என்பது ஒரு தலைமுடியின் தடிமனைவிடச் சற்றே கூடுதல். ஆனால் அழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பழைய வெட்டு வேண்டுமானால் 50 கிலோ பாரத்துக்குச் சமமாக அமுக்க வேண்டும்.

இதைப் புத்தகம் இல்லாமலேயே அறிந்தவர்கள் நம் தோட்டங்களில் இருந்தார்கள். கித்தா மரத்தில் பால் வெட்டியவர்கள் கத்தியைத் தீட்டாமல் நிரைக்குப் போகமாட்டார்கள். காரணம் மிக நுட்பமானது. பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் அதிகம். அதற்கும் உள்ளே, புதுப் பட்டையை வளர்க்கும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. அந்தப் படலத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ. முன்பாகக் கத்தி நின்றுவிட வேண்டும். கூரான கத்தி இழுத்த இடத்துக்கு வரும். மழுங்கிய கத்தியை அமுக்க வேண்டும்; அமுக்கினால் திடீரென்று உள்ளே பாயும்; மரத்தில் காயம் விழும்; அந்த இடத்தில் புதுப் பட்டை கட்டி கட்டியாக வளரும். மழுங்கிய கருவி நம் கட்டுப்பாட்டில் இருக்காது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

அதே கித்தா மரம்தான் இன்று பலகையாக நம் ரம்பத்துக்கு வருகிறது. மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் நம் மலாக்காவில்தான் தொடங்கியது. 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். 25, 30 ஆண்டுகள் பால் தந்த மரத்தை வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். ஒரு காலத்தில் வெட்டிய மரம் பெரும்பாலும் விறகுக்குத்தான் போனது. மாவுச்சத்து மிகுந்த மரம் என்பதால் பூஞ்சையும் வண்டும் உடனே பிடித்துக்கொள்ளும். வெட்டியவுடன் போரான் கலந்த மருந்தை மரத்துக்குள் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகுதான் அது தளவாட மரமானது. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வு நிலையத்தின் பணி இதில் முக்கியமானது. இன்று மலாக்கா எல்லையைத் தாண்டி மூவாருக்குப் போனால், தளவாடத் தொழிற்சாலைகளில் இந்த மரத்தைத்தான் அதிகம் காண்பீர்கள். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் கித்தா மரமாக இருக்கலாம்.

எது பல்லைத் தின்கிறது?

கடினமான மரம்தான் பிளேடை மழுக்கும் என்று தோன்றும். எப்போதும் அப்படி அல்ல. செங்கால் மரம் ஒரு கனமீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. மெர்சாவா அதைவிட மிகவும் இலேசானது. ஆனாலும் மெர்சாவா அறுக்கும் பிளேடு விரைவில் தேய்ந்துபோகும். அந்த மரத்துக்குள் சிலிக்கா துகள்கள் இருக்கின்றன. மரம் தண்ணீரோடு உறிஞ்சிய சிலிக்கா, செல்களுக்குள் நுண்மணிகளாகத் தங்கிவிடுகிறது. கெருயிங் மரத்தில் சிலிக்காவும் உண்டு, பிசினும் உண்டு. தென்னை, செம்பனைத் தண்டுகளும் இதில் பொல்லாதவை. செம்பனைத் தண்டு பார்க்கப் பஞ்சு போல இருக்கும். பிளேடைக் கேட்டால்தான் தெரியும்!

கித்தா மரம் இதில் சாது. ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 600 கிலோ, அறுக்க எளிது. ஆனால் அதில் எஞ்சியிருக்கும் பால், சூடான பல்லில் பசை போல ஒட்டிக்கொள்ளும். பல்லுக்கும் மரத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை அது அடைத்துவிடும். உராய்வு கூடும். பிளேடு மழுங்காமலேயே மழுங்கியது போல நடந்துகொள்ளும். இதை நினைவில் வையுங்கள், பிறகு உதவும்.

ஒட்டுப்பலகை, எம்.டி.எஃப். போன்றவற்றில் மரத்தைவிடப் பசைதான் பிளேடுக்கு எதிரி. இறுகிய பசை கண்ணாடி போலக் கடினமானது. இவை போக, பழைய பலகையில் மறைந்திருக்கும் ஆணி. அது ஒரே நொடியில் பத்துப் பல்லைப் பதம் பார்த்துவிடும். ஈரமான மரத்தில் உள்ள அமிலங்களும் எஃகு முனையை வேதியியல் முறையில் அரிக்கின்றன. ஈரப் பலகையில் இரும்பு ஆணி அடித்த இடம் கறுத்துப்போவதைக் கண்டிருப்பீர்கள். மரத்தின் டானின் இரும்போடு சேர்ந்து செய்யும் வேலை அது.

ஒரு பல் எத்தனை தடவை கடிக்கிறது?

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். மேசை ரம்பத்தில் 10 அங்குலப் பிளேடு. விட்டம் 254 மி.மீ., பற்கள் 40. நிமிடத்துக்கு 4,000 சுற்று. நொடிக்கு ஏறத்தாழ 67 சுற்று. விளிம்பின் வேகம் நொடிக்கு 53 மீட்டர். மணிக்கு 190 கி.மீ.! வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் 110 கி.மீ. தான்.

ஒரு மீட்டர் பலகையை 15 நொடியில் அறுக்கிறோம் என்று கொள்வோம். அதற்குள் பிளேடு 1,000 தடவை சுற்றிவிடும். அதாவது, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒவ்வொரு பல்லும் 1,000 தடவை மரத்தைக் கடிக்கிறது. பலகை 20 மி.மீ. தடிமன் என்றால், ஒரே ஒரு மீட்டர் அறுப்பதற்குள் ஒரு பல் மரத்துக்குள் 20 மீட்டருக்குக் குறையாமல் உரசிப் பயணம் செய்துவிடுகிறது. ஓர் அலமாரிக்கு 50 மீட்டர் அறுத்தால் ஒரு கிலோமீட்டர். பல் தேயாமல் என்ன செய்யும்?

அடுத்த கணக்கு இன்னும் சுவையானது. 1,000 மி.மீ. நீளத்தை 40 பற்கள் 1,000 தடவை கடித்து முடித்தன. மொத்தம் 40,000 கடி. ஆக, ஒரு கடியின் தடிமன் 0.025 மி.மீ. தலைமுடியைவிட மெல்லிய சீவல். பல்லின் முனை இந்தச் சீவலைவிட மிக மெல்லியதாக இருந்தால்தான் அது மரத்துக்குள் நுழையும். முனை தேய்ந்து, அதன் உருண்டை 0.025 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் பல் நுழையாது. மேலே வழுக்கி, மரத்தை நசுக்கிக்கொண்டு போகும். வெட்டுவது நின்று தேய்ப்பது தொடங்கும் இடம் இதுதான். அதனால்தான் மழுங்குதல் படிப்படியாக நடந்தாலும், விளைவு ஒரு நாளில் "திடீரென்று" தெரிகிறது.

இன்னொரு வியப்பு: கருகுகிறதே என்று பலகையை மெதுவாகத் தள்ளினால் இன்னும் அதிகமாகக் கருகும். மெதுவாகத் தள்ளும்போது ஒவ்வொரு கடியும் மேலும் மெல்லியதாகிறது, தேய்ப்பு கூடுகிறது. "நிறையப் பல் இருந்தால் நல்லது" என்று கடையில் சொல்வார்கள். குறுக்கே அறுக்க அது சரி. நீளவாக்கில் கிழிக்க 24 பல் பிளேடே போதும். ஒவ்வொரு பல்லுக்கும் முழு வாய் மரம் கிடைக்கும்.

உராய்வின் வெப்பம் இரண்டு தீமைகளைச் செய்கிறது. 200 பாகை செல்சியஸைத் தாண்டினால் மரம் பழுப்பாகத் தொடங்கும். நீங்கள் பார்த்த கோடு அதுதான். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது. பிளேடின் விளிம்பு, நடுப்பகுதியைவிட 50 பாகை கூடுதலாகச் சூடானால், 798 மி.மீ. சுற்றளவு ஏறத்தாழ அரை மி.மீ. நீளத் துடிக்கும். குளிர்ந்த நடுப்பகுதி விடாது. விளிம்பு எங்கே போகும்? பொரித்த அப்பளத்தின் ஓரம் போல அலையலையாக வளையும். வளைந்த பிளேடு வெட்டுக்குள் இடித்து, இன்னும் சூடாகும். பிளேடின் விளிம்பில் சில இடங்களில் குறுகிய பிளவுகளை வெட்டியிருப்பார்களே, அவை அலங்காரம் அல்ல. விளிம்பு விரிவடைய விட்ட இடம்.

பல் எதனால் ஆனது?

பழைய பிளேடுகள் முழுக்க எஃகு. எஃகுக்குச் சூடு ஆகாது; இருநூறு, முந்நூறு பாகையிலேயே கடினத்தன்மை குறையத் தொடங்கும். 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் அமெரிக்காவில் டெய்லர், வைட் என்ற இருவர் உருவாக்கிய அதிவேக எஃகு, 600 பாகை வரை தாக்குப்பிடித்தது. இழைப்பு இயந்திரத்தின் அலகுகள் பல இன்றும் இந்த எஃகுதான். பிறகு 1923-இல் ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட் உலோகத்தோடு சேர்த்துச் சூடாக்கிக் கட்டியாக்கினார். குருப் நிறுவனம் அதை 'விடியா' என்ற பெயரில் விற்றது. ஜெர்மன் மொழியில் "வைரம் போல" என்பதன் சுருக்கம் அது.

பெயர் பொருத்தமானதே. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் வைரம் 10, மணல் 7, தாவரங்களில் உள்ள சிலிக்கா சுமார் 6. கத்தி எஃகும் ஏறத்தாழ அதே 6-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. சமமான இருவர் உரசினால் இருவருமே தேய்வார்கள். டங்ஸ்டன் கார்பைடோ 9 அளவில் நிற்கிறது. எனவேதான் இன்றைய வட்டப் பிளேடுகளில் உடல் எஃகாகவும், பல்லின் நுனியில் ஒரு சிறு கார்பைடு துண்டாகவும் இருக்கும். ஆனால் கார்பைடு கண்ணாடி போல நொறுங்கக் கூடியது. பிளேடைச் சிமெண்ட் தரையில் "டங்" என்று வைத்தால் ஒரு நுனி உதிர்ந்துவிடலாம்.

இப்போது விரல்களுக்கு வருவோம். மேசை ரம்பத்தில் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி ஏறுகின்றன. பலகை சிறிது கோணினாலோ, வெட்டு இறுகினாலோ, பின்பக்கப் பற்கள் பலகையைத் தூக்கி, தள்ளுபவர் மேலேயே எறியும். மணிக்கு 190 கி.மீ. வேகத்தில் சுழலும் விளிம்பு எறிந்த பலகை என்பதை மறக்காதீர்கள். சூட்டில் வளைந்த மழுங்கல் பிளேடு இந்த எறிதலுக்கு வழி செய்கிறது. பலகை பறந்தவுடன், அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை முன்னால் சரிகிறது. எங்கே சரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ஒரு மெல்லிய பிளவுத் தகடு வைத்திருக்கிறார்கள். இடைஞ்சல் என்று அதைக் கழற்றிப் போட்டிருந்தால், முதலில் அதைத் தேடி மாட்டச் சொல்லுங்கள்.

மழுங்கியதா, அழுக்கா?

விரலால் தடவிப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு கைவிளக்கைப் பல்லின் மேல் காட்டுங்கள். உண்மையான கூர்முனைக்கு அகலமே இல்லாததால் அது ஒளியைத் திருப்பி அனுப்பாது. மழுங்கிய முனை உருண்டையானது. அதில் ஒரு வெள்ளைக் கோடு மினுங்கும். எளிமையான சோதனை, கண்ணாடி அணிபவர்கள் உருப்பெருக்கியை வைத்துக்கொள்ளலாம்.

மரத்தூளும் சொல்லும். கூரான பிளேடு சிறு சிறு சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவு போன்ற பொடியாக்கும். அந்த மாவுப் பொடி நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு சேர்த்திருக்கிறது. முகக்கவசம் இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள்.

பிளேடைத் தூக்கிப் போடும் முன் கழுவிப் பாருங்கள். கித்தாப் பால் ஒட்டியது என்று சொன்னேனே, அதற்காகத்தான். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, சிறிது நேரம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பிசின் வந்துவிடும். உடனே துடைத்து உலர்த்த வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரே இரவில் துரு ஏறும். கழுவியும் கருகினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மாற்றும்போது நடப்பது

இந்த வேலையைப் பெரியவர் செய்யட்டும். உங்களுக்கு ஒரு முக்கியமான பொறுப்பு இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. முழங்கை பட்டால் சுவிட்ச் திரும்ப விழும். மூன்று முள் பிளக் உங்கள் கையில் இருக்கும் வரை இயந்திரம் இரும்புக் கட்டி மட்டுமே. மின்கலத்தில் ஓடும் ரம்பமானால் மின்கலத்தைக் கழற்றிக் கையில் வைத்திருங்கள். தொழிற்சாலைகளில் இதற்காகப் பூட்டே போடுகிறார்கள். வீட்டில் அந்தப் பூட்டு நீங்கள்தான்.

பிளேடை இறுக்கிப் பிடித்திருக்கும் நட்டு எந்தப் பக்கம் கழலும்? இங்கேதான் பலர் தடுமாறி, எதிர்ப்பக்கமாக இழுத்து, ஸ்பேனர் வழுக்கி, பல்லில் கையை இடித்துக்கொள்கிறார்கள். ஒரே விதி: பிளேடு சுழலும் திசையிலேயே நட்டைத் திருப்பினால் கழலும். ஏன் தெரியுமா? நிலைமம். மோட்டார் கிளம்பும் நொடியில் தண்டு சட்டென்று சுழல்கிறது. நட்டு தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. தண்டைப் பொறுத்தவரை நட்டு எதிர்த்திசையில் திரும்புகிறது. அந்த எதிர்த்திசை இறுகும் திசையாக இருக்கும்படி மரையை வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறை ரம்பம் கிளம்பும்போதும் நட்டு தானே இறுகிக்கொள்ளும். சில ரம்பங்களில் இடக்கை மரை இருப்பது இதற்காகத்தான்.

பிளேடு சுற்றாமலிருக்கக் கையால் பிடிக்கக் கூடாது. தண்டைப் பூட்டும் பொத்தான் இருந்தால் அதை அமுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு மரத்துண்டைப் பல்லுக்கு அணை கொடுக்க வேண்டும். இந்த வேலையில் மட்டும் தடித்த கையுறை போடலாம். இயந்திரம் ஓடும்போது கையுறை கூடவே கூடாது. நூல் ஒன்று சிக்கினால் கையையே இழுத்துவிடும். இந்த இரண்டையும் பலர் மாற்றிச் செய்கிறார்கள் என்பதுதான் வேதனை.

பிளேடின் இரு பக்கமும் இருக்கும் வாஷர் தட்டுகளைத் துணியால் துடைப்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் 50 மி.மீ. விட்டமுள்ள தட்டின் ஓர் ஓரத்தில் 0.1 மி.மீ. தடிமனுள்ள மரத்தூள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பிளேடு சாயும். அந்தச் சாய்வு விளிம்பில் கால் மி.மீ. ஆகப் பெருகும், சுற்றும்போது இடமும் வலமுமாக மொத்தம் அரை மி.மீ. தள்ளாடும். புதுப் பிளேடு வாங்கியும் வெட்டு கோணல் என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள், முதலில் துணியை எடுத்திருக்க வேண்டும்.

புதுப் பிளேடில் மூன்றைப் பாருங்கள்: நடுத்துளை தண்டுக்குச் சரியாகப் பொருந்துகிறதா, பிளேடில் அச்சிட்ட உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் கூடுதலா, அம்புக்குறி சுழலும் திசையை நோக்கியிருக்கிறதா. மேசை ரம்பத்தில் மேலே தெரியும் பற்கள் உங்களை நோக்கி வரும். பலகையின் நல்ல முகம் மேலே இருக்க வேண்டும். கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தில் பற்கள் கீழிருந்து மேலே வெட்டும். நல்ல முகம் கீழே.

இழைப்பு இயந்திரத்தில் எடையும் பேசும்

பலகையை வழவழப்பாக்கும் இழைப்பு இயந்திரத்தில், சுழலும் உருளையில் இரண்டு அல்லது மூன்று அலகுகள் பொருத்தியிருக்கும். இதில் ஒன்றை மட்டும் மாற்றுவது தப்பு. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும், எடையும் சமமாக இருக்க வேண்டும். உருளையின் ஆரம் 30 மி.மீ., வேகம் நிமிடத்துக்கு 5,000 சுற்று. ஓர் அலகு மற்றதைவிட ஒரே ஒரு கிராம் கூடுதல் என்றால், அந்த ஒரு கிராம் வெளிநோக்கி 8 நியூட்டனுக்கு மேல் இழுக்கும். கிட்டத்தட்ட 840 கிராம் எடையை உருளையில் கட்டித் தொங்கவிட்டது போல. அதுவும் நொடிக்கு 83 தடவை திசை மாறி மாறி. அந்த அதிர்வில் திருகுகள் தளரும். தளர்ந்த அலகு வெளியே பறந்தால் என்னாகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அதனால் ஒரு திருகை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி இறுக்குவார்கள். கடைசியில் மறுபடியும் ஒரு சுற்று சரிபார்ப்பார்கள்.

உயரமும் சமமாக வேண்டும். இரண்டு அலகும் சமமாக வெட்டினால், நிமிடத்துக்கு 8 மீட்டர் ஓடும் பலகையில் 0.8 மி.மீ. இடைவெளியில் கோடு விழும், கைக்குத் தெரியாது. ஒன்று தலைமுடி அளவு உயர்ந்துவிட்டால் அது மட்டுமே வெட்டும். இடைவெளி இரண்டு மடங்காகி, பலகை அலை அலையாகத் தெரியும். அலகில் சிறு பல்லுடைப்பு ஏற்பட்டு, பலகையில் நீளமாக ஒரு மேட்டுக்கோடு விழுகிறதா? புது அலகு வரும் வரை பழைய தச்சர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். ஓர் அலகை மட்டும் பக்கவாட்டில் ஒரு மி.மீ. நகர்த்தி வைப்பார்கள். ஒன்று விட்டதை மற்றது வெட்டிவிடும்.

பட்டை ரம்பத்தின் பிளேடு நீண்ட எஃகு வார். இழுவிசையைத் தளர்த்தாமல் கழற்றினால் பாம்பு போலச் சீறி விரியும். புதுச் சுருளைக் கட்டு அவிழ்க்கும்போதும் அப்படியே. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்துத்தான் அவிழ்க்க வேண்டும். மாட்டிய பிறகு பற்கள் மேல்நோக்கி இருந்தால் பயப்பட வேண்டாம். வார் உள்வெளியாகத் திரும்பியிருக்கிறது. புரட்டிப் போட்டால் சரியாகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஸ்பேனர் இயந்திரத்தில் இல்லை என்று பார்த்து, பிளேடைக் கையால் ஒரு சுற்று மெல்லச் சுழற்றி, எதிலும் உரசவில்லை என்று உறுதிசெய்த பின்பே பிளக்கைத் திரும்பக் கொடுங்கள். முதல் ஓட்டத்தின்போது பிளேடுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். அரை நிமிடம் வெறுமனே ஓடட்டும்.

பழைய பிளேடை அப்படியே குப்பைப் பையில் போடாதீர்கள். குப்பை அள்ளுபவரின் கையைக் கிழிக்கும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து நாடா ஒட்டி, "பழசு" என்று எழுதுங்கள். எஃகுப் பற்களை அரத்தால் தீட்டலாம். கார்பைடுப் பற்களுக்கு வைரத்தூள் பதித்த சாணைக்கல் தேவை. அதற்கென்று கடைகள் இருக்கின்றன, பல முறை தீட்டலாம். பல் உதிர்ந்ததும் உடலில் விரிசல் விட்டதும் மட்டும் பழைய இரும்புக்காரருக்குப் போகட்டும்.